க·த = 0.38 வைத்தும் தீர்வு அச்சை வெட்டவில்லையே? தாமதச் சமன்பாடுகளின் அலைவு

வெட்டுப்புள்ளி (கேள்வி)

தட்டச்சு வசதிக்காகக் குறியீடுகளைத் தமிழ் எழுத்திலேயே போடுகிறேன். ய: தேடும் சார்பு, ந: நேரம், த: தாமதம், க: கெழு, இ = 2.71828…

சமன்பாடு: ய′(ந) + க·ய(ந − த) = 0, க, த இரண்டும் நேர்மம்.

தேற்றப்படி க·த > 1/இ (அதாவது 0.3679) என்றால் எல்லாத் தீர்வுகளும் அலைவுறும். க·த ≤ 1/இ என்றால் அலைவுறாத தீர்வு ஒன்றாவது இருக்கும்.

த = 1, க = 0.38 எடுத்து, [−1, 0] இடைவெளியில் ய = 1 என்று தொடக்கம் கொடுத்து மேட்லாபின் டிடிஇ23-இல் (தாமதச் சமன்பாடுகளைத் தீர்க்கும் செயற்கூறு) ஓட்டினேன். ந = 10 வரை வழுவழுவென்று இறங்குகிறது, ஒரு வெட்டுகூட இல்லை. 20 வரை நீட்டினால் கோடு அச்சோடு ஒட்டிக்கொள்கிறது, அவ்வளவுதான். க = 1 கொடுத்தால் அழகாக ஏறி இறங்குகிறது.

1. 0.38 எல்லையைத் தாண்டிய எண்தானே? அலைவு எங்கே போனது?
2. க = 0.3 வைத்து, தொடக்கச் சார்பாக சைன்(2·பை·ந) கொடுத்தால் ந = 1-இல் குறி மாறுகிறது. எல்லைக்குக் கீழே இது நடக்கலாமா?
3. க மாறிலியாக இல்லாமல் க(ந) ஆக இருந்தால், தாமதமும் மாறினால், எதைச் சோதிக்க வேண்டும்?

மூலவர்

தேற்றம் சரி. மென்பொருளும் பொய் சொல்லவில்லை. வெட்டு ந = 11.03-இல் இருக்கிறது, 0 முதல் 1 வரை அளவிட்ட அச்சில் அது கண்ணுக்குத் தெரியாது.

ய = இ^(ம·ந) என்று பிரதியிட்டால் சிறப்பியல்புச் சமன்பாடு ம + க·இ^(−ம·த) = 0. இடப்பக்கத்தை ம-இன் சார்பாகப் பாருங்கள்: அதன் சிறுமம் ம = மடக்கை(க·த)/த என்ற இடத்தில் வரும் (மடக்கை எங்கும் இ அடிமானத்தில்), மதிப்பு (1 + மடக்கை(க·த))/த. இது நேர்மமாக இருந்தால், அதாவது க·த > 1/இ என்றால், மெய் மூலமே கிடையாது. மெய் மூலம் இல்லையென்றால் அலைவுறாத தீர்வுக்கும் இடமில்லை. சரியாக 1/இ-இல் ம = −1/த இரட்டை மூலம், அங்கே இ^(−ந/த) அலைவுறாமல் நிற்கும். 1/இ வருவது இந்தச் சிறுமத்திலிருந்துதான்.

இனி உங்கள் எண்கள். க = 0.38, த = 1 என்றால் முதன்மை மூல இணையின் மெய்ப்பகுதி −0.9784, கற்பனைப் பகுதி ±0.2542. அடுத்தடுத்த சுழிகளுக்கு இடையே பை/0.2542 = 12.36 அலகு. அந்த 12.36 அலகில் வீச்சு இ^(−12.1) மடங்காகச் சுருங்குகிறது, அதாவது சுமார் 5.6×10⁻⁶. ஒவ்வொரு அரை அலையும் முந்தையதைவிட ஒன்றே முக்கால் லட்சம் மடங்குக்கு மேல் சிறியது!

உங்கள் தொடக்கத்துக்கு (ய = 1) முதல் சுழி ந ≈ 11.03. உங்கள் முதல் ஓட்டம் 10-இலேயே நின்றுவிட்டது. அங்கே ய சுமார் 4×10⁻⁵, இன்னும் நேர்மம். ய′(ந) = −0.38·ய(ந − 1) என்பதால் சுழிக்குச் சரியாக ஒரு தாமதம் கழித்துத்தான் பள்ளம் வரும்: ந ≈ 12.03, ஆழம் −5.7×10⁻⁶. அடுத்த சுழி 23.4 அருகே, அதற்குப் பிந்தைய மேடு 3×10⁻¹¹ அளவுதான். டிடிஇ23 இயல்பாக ஏற்கும் பிழை வரம்பு (பொறுதி): மதிப்போடு ஒப்பிட்ட சார்புப் பொறுதி 10⁻³, தனிப் பொறுதி 10⁻⁶. முதல் பள்ளமே அந்தத் தனிப் பொறுதியை உரசிக்கொண்டு நிற்கிறது, இரண்டாவது மேடு அதற்குள் முழுசாகப் புதைந்துபோகும்.

ஒப்பிட்டுப் பார்க்க: க = 1 என்றால் சுழி இடைவெளி 2.35, அரை அலைக்கு வீச்சு 0.47 மடங்கு. க = 0.5 என்றால் 4.08, 0.039. க = 0.37 என்றால் 29.3, சுமார் 2×10⁻¹³. கடைசியில் சொன்னதைச் சாதாரணமாக ஓட்டிப் பார்ப்பது வீண் வேலை. எல்லைக்கு மிக அருகே இடைவெளியை மனக்கணக்காகவே போடலாம்: த·பை/√(2(இ·க·த − 1)).

பார்த்தே ஆக வேண்டுமென்றால் பொறுதியை மட்டும் இறுக்குவதைவிட மாறியை மாற்றுங்கள். ர(ந) = இ^(ந)·ய(ந) என்று வைத்தால்

ர′(ந) = ர(ந) − 0.38·இ·ர(ந − 1),

தொடக்கம் [−1, 0]-இல் ர = இ^(ந). பெருக்கிய காரணி எப்போதும் நேர்மம், ஆகவே சுழிகள் இம்மியும் நகராது. சுருக்கம் மட்டும் போய்விடும், ஒவ்வொரு அரை அலையும் சுமார் 1.3 மடங்கு வளரும். 60 வரை ஓட்டினால் நான்கு வெட்டுகள் பளிச்சென்று தெரியும். ஒரு எச்சரிக்கை: கெழுவை 1.03 என்று உருட்டி எழுதாதீர்கள். இங்கே முக்கியம் அது 1-ஐத் தாண்டும் 0.03295 என்ற சிறு மிச்சம். 1.03 என்று போட்டால் இடைவெளி 12.36-லிருந்து 13-ஐ நெருங்கிவிடும். நிரலில் 0.38 பெருக்கல் இ என்றே எழுதுங்கள்.

இரண்டாம் கேள்விக்கு: அலைவு என்பதன் வரையறையை மறுபடி படியுங்கள். எவ்வளவு தூரம் போனாலும் அதற்கு அப்பாலும் சுழி இருக்க வேண்டும். ஒன்றிரண்டு முறை வெட்டிவிட்டு ஒரே பக்கம் நின்றுவிட்டால் அது அலைவு ஆகாது. 2 + சைன்(ந) வாழ்நாள் முழுக்க ஏறி இறங்கும், ஆனாலும் இந்த வரையறைப்படி அலைவுறாதது. உங்கள் உதாரணத்தில் ய 0-க்கும் 1-க்கும் இடையே எதிர்மம், 1-இல் குறி மாறி 2 வரை ஏறும், அங்கே 0.0143. அதற்கு முந்தைய ஒரு தாமத இடைவெளி முழுதும் ய, இந்த 0.0143-ஐத் தாண்டவில்லை. க·த ≤ 1/இ இருக்கும்போது அப்படி ஒரு தொடக்கத்திலிருந்து கிளம்பும் தீர்வு கீழே இறங்கிக்கொண்டே போகும், சுழியைத் தொடாது. அதன்பின் வெட்டு இல்லை.

ஆனால் க = 0.3-இல் உண்மையிலேயே அலைவுறும் தீர்வுகளும் உண்டு. மெய் மூலங்கள் −0.489, −1.781 என்று இரண்டு, அவை போக எண்ணற்ற கலப்பெண் மூலங்கள். அவற்றில் முதல் இணை −3.30, ±7.44. தொடக்கச் சார்பை அந்த மூலத்துக்கே பொருத்தி எடுத்தால் தீர்வு முடிவில்லாமல் அலையும். கணினியில் ஓட்டினால் கொஞ்ச நேரத்திலேயே உருட்டுப்பிழை −0.489 மூலத்தை உள்ளே இழுத்துவந்து அலைவை விழுங்கிவிடும். தேற்றத்தின் இரண்டாம் பாதி ‘ஒன்றாவது அலைவுறாதது உண்டு’ என்றுதான் சொல்கிறது, ‘எல்லாமே’ என்று சொல்லவில்லை.

படிநீளம்

குறுக்கே வருவதற்கு மன்னிக்கவும். மேட்லாப் இல்லாமல் யூலர் முறையில், படிநீளம் 0.1 வைத்து, க = 0.36 ஓட்டினால் குறி மாறுகிறது. மாறிக்கொண்டே இருக்கிறது! 0.36 எல்லைக்குக் கீழேதானே. ஒவ்வொரு படியிலும் முந்தைய மதிப்பால் வகுத்து அளவு சரிசெய்துகொண்டே போனேன், எனவே எண் மிகச் சிறிதாகிச் சுழியாகக் கரைந்த கோளாறு இல்லை. 1/இ துல்லியமான எல்லைதானா?

மூலவர்

துல்லியமான எல்லைதான். நீங்கள் தீர்த்தது வேறு சமன்பாடு. யூலர் முறை போட்டவுடன் அது வேறுபாட்டுச் சமன்பாடு:

ய(அடுத்த படி) − ய(இந்தப் படி) + (க·ப)·ய(அ படிகளுக்கு முன்) = 0,

இதில் ப படிநீளம், அ = த/ப. இதற்கான எல்லையும் தெரிந்ததே, எர்ப், சாங் இருவரின் 1989 கட்டுரையில் இருக்கிறது: எல்லாத் தீர்வுகளும் அலைவுற க·ப > அ^அ/(அ+1)^(அ+1) என்பதே தேவையும் போதுமானதும் ஆன நிபந்தனை. இரு பக்கமும் அ-ஆல் பெருக்கினால் க·த > (அ/(அ+1))^(அ+1).

அ = 10 என்றால் வலப்பக்கம் 0.3505. உங்கள் 0.36 அதற்கு மேலே, எனவே உங்கள் வேறுபாட்டுச் சமன்பாடு நியாயமாகவே அலைகிறது, சுமார் 14 அலகுக்கு ஒரு வெட்டு. அ = 100 என்றால் 0.3660, அ = 1000 என்றால் 0.3677. கீழிருந்து மெல்ல 1/இ-ஐ நோக்கி ஏறும், எட்டாது. அதாவது நேர்படி யூலர் எப்போதும் அலைவை அதிகமாகக் காட்டும், குறைத்துக் காட்டாது. படிநீளத்தை 0.01 ஆக்குங்கள், 0.36-இல் வெட்டு மறைந்துவிடும். 0.367-ஐச் சோதிக்க அதுவும் போதாது.

இன்னொன்று: த/ப முழு எண்ணாக இருக்கட்டும். இல்லையென்றால் தாமத மதிப்புக்கு இடைச்செருகல் தேவைப்படும். ந = 0, த, 2·த… ஆகிய இடங்களில் தீர்வின் வகைக்கெழுக்களில் முறிவு இருக்கிறது (0-இல் முதல் வகைக்கெழு, த-இல் இரண்டாவது, இப்படி ஒவ்வொன்றாக மென்மையாகிக்கொண்டே போகும்). படி அந்த இடங்களைத் தாண்டிக் குதித்தால் உயர்வரிசை முறையின் துல்லியம் அங்கேயே போய்விடும். டிடிஇ23 இந்த முறிவுகளைத் தானே பின்தொடர்கிறது, கையால் எழுதிய ரூங்கே-குட்டா பின்தொடராது.

தொகையீடு

மூன்றாவது கேள்வியை யாரும் தொடவில்லை. சமன்பாடு ய′(ந) + க(ந)·ய(பி(ந)) = 0 என்று இருக்கட்டும், பி(ந) ≤ ந, பி(ந) முடிவிலியை நோக்கிப் போகிறது, க(ந) ≥ 0. பார்க்க வேண்டியது ஒரே தொகை:

தொ(ந) = ∫ க, பி(ந)-லிருந்து ந வரை.

தொ(ந)-இன் கீழ் எல்லை (லிம்இன்ஃப்) 1/இ-ஐவிடப் பெரிது என்றால் எல்லாம் அலைவுறும். கெழு, தாமதம் இரண்டின் கீழ் எல்லைகளையும் தனித்தனியாக எடுத்துப் பெருக்கி 1/இ-ஐத் தாண்டச் சொன்னது மிஷ்கிஸ், 1950. தொகை வடிவத்தைக் கொப்லதாட்ஸே, சந்தூரியா இருவரும் 1982-இல் கொடுத்தார்கள். எதிர்ப்பக்கம்: ஒரு கட்டத்துக்குப் பிறகு தொ(ந) ≤ 1/இ ஆகவே இருந்தால் அலைவுறாத தீர்வு உண்டு. மேல் எல்லைக்கான (லிம்சூப்) நிபந்தனை 1972-இல் லாடாஸ், லக்ஷ்மிகாந்தம், பபதாகிஸ் தந்தது: லிம்சூப் > 1 போதும், ஆனால் பி(ந) இறங்காச் சார்பாக இருக்க வேண்டும்.

தொகை ஏன் வருகிறது என்பது காலத்தை மாற்றினால் உடனே புரியும். ச = ∫க என்று புதுக் கடிகாரம் வையுங்கள். கெழு 1 ஆகிவிடும், தாமதம் தொ ஆகிவிடும். இரண்டு உதாரணம்:

க(ந) = 0.38·(1 + 0.9·சைன்(2·பை·ந)), த = 1. கெழு 0.038-க்கும் 0.722-க்கும் இடையே ஆடுகிறது. மிஷ்கிஸ் நிபந்தனைக்கு 0.038 மட்டுமே கிடைக்கும், பயனில்லை. ஆனால் தாமதமும் கெழுவின் சுழற்சியும் ஒன்றே என்பதால் தொ எப்போதும் 0.38. புதுக் கடிகாரத்தில் இது மாறிலிச் சமன்பாடேதான், ஆகவே எல்லாம் அலைவுறும். மூலவர் சொன்ன அதே மெல்லிய அலைவு.

ய′(ந) + (க/ந)·ய(ந/2) = 0. இங்கே தாமதம் ந/2, எல்லையில்லாமல் வளர்கிறது, கெழு சுழியை நோக்கிப் போகிறது. தொ = க·மடக்கை(2) = 0.6931·க. எனவே எல்லை க = 0.5307. இங்கே சுழிகள் சம இடைவெளியில் வராது, பெருக்குத்தொடர் போலத் தள்ளித்தள்ளிப் போகும். கிடை அச்சை மடக்கை அளவில் வைக்காமல் வரைந்தால் ஒன்றும் பிடிபடாது.

பலர் தவறுவது லிம்சூப் நிபந்தனையில்தான். பி(ந) ஏறி இறங்கும் சார்பாக இருந்தால் ‘லிம்சூப் > 1’ செல்லாது. 1-க்குப் பதில் வேறு எந்தப் பெரிய மாறிலி போட்டாலும் செல்லாது என்பதைப் பிரேவர்மன், கார்ப்புஸ் 2011-இல் காட்டிவிட்டார்கள். ஏனென்றால் பி(ந) நொடிப்பொழுது ஆழமாகப் பின்னோக்கிப் பாய்ந்துவிட்டுத் திரும்பினால் அந்த நொடியில் தொ மட்டும் பிரம்மாண்டமாகிவிடும், தீர்வுக்கோ அதனால் பெரிதாக ஒன்றும் ஆகாது. பரிகாரம்: பி-க்குப் பதில் அதன் ‘இதுவரையிலான உச்சம்’ உ(ந) (ந வரையிலான பி மதிப்புகளில் மிகப் பெரியது) எடுத்துத் தொகையிடுங்கள். லிம்இன்ஃப் நிபந்தனைக்கு இந்தத் தொல்லை இல்லை, பி வைத்தாலும் உ வைத்தாலும் ஒரே மதிப்புதான் வரும்.

லிம்இன்ஃப் 1/இ-க்குக் கீழே, லிம்சூப் 1/இ-க்கும் 1-க்கும் நடுவே என்றால் இரண்டு நிபந்தனையும் கைவிரித்துவிடும். நாற்பது ஆண்டுகளாகக் கட்டுரைகள் குவிவது இந்த இடைவெளியில்தான், பாதிக்கு மேல் மூன்றாம் தசமத்தைச் செதுக்குபவை. அவற்றில் கையில் வைத்துக்கொள்ளத் தக்கது குவாங், 1991: லிம்இன்ஃப் மதிப்பை ஆ என்க. ல = இ^(ஆ·ல) என்பதன் சிறிய மூலம் ல. லிம்சூப் > (1 + மடக்கை(ல))/ல என்றால் போதும். ஆ = 0.3 என்றால் ல = 1.631, தேவை 0.913. ஆ = 1/இ-ஐ நெருங்கினால் தேவை 2/இ = 0.736 வரை இறங்கும். இதற்கும் பி இறங்காச் சார்பாக இருக்க வேண்டும்.

படிநீளம்

யூலர் விஷயம் புரிந்தது, அ = 100-இல் வெட்டு போய்விட்டது. ஒரு துணைக் கேள்வி: மூலங்களைத் தொடாமல், கையால் 1/இ-ஐ உணர வழி உண்டா? கெழு மாறினால் சிறப்பியல்புச் சமன்பாடே கிடையாதே.

தொகையீடு

உண்டு. ய நேர்மம் என்று வைத்துக்கொண்டு வி = −ய′/ய (சிதைவு வேகம்) எடுங்கள். அப்போது வி(ந) = க(ந)·இ^(∫வி), தொகை பி(ந) முதல் ந வரை. அதாவது சிதைவு வேகத்துக்கு ஒரு கீழ் வரம்பு தெரிந்தால் அதைவிடப் பெரிய கீழ் வரம்பு கிடைக்கும். மாறிலிக் கெழுவுக்கு இது வெறும் வி → க·இ^(வி) என்ற சுற்று (த = 1). 0-லிருந்து தொடங்குங்கள்.

க = 0.3: 0.3, 0.405, 0.450… 0.489-இல் நின்றுவிடும். நிலையான சிதைவு வேகம் கிடைத்துவிட்டது, அலைவுறாத தீர்வு உண்டு.

க = 0.38: 0.38, 0.556, 0.662, 0.737, 0.794… 10-ஆம் சுற்றில் 0.983, 15-இல் 1.170, 20-இல் 1.733, 23-இல் சுமார் 10, 24-இல் ஏழாயிரத்து ஐந்நூறுக்கு மேல். 1-ஐச் சுற்றி நெரிசலில் மாட்டிய வண்டி போல ஊர்ந்துவிட்டு, தாண்டியதும் பறக்கிறது. எந்தச் சிதைவு வேகமும் போதாது என்பதுதான் முரண்பாடு. ய நேர்மமாக நீடிக்க முடியாது. எல்லைக்குப் பக்கத்தில் முதல் வெட்டு அவ்வளவு தாமதமாக வருவதும் இந்த ஊர்தலால்தான்.

வெட்டுப்புள்ளி

ர மாறிக்கு மாற்றி ஓட்டினேன்: 11.03, 23.4, 35.8 அருகே வெட்டுகள். மிக்க நன்றி. அடுத்து இதை ஹட்சின்சன் சமன்பாட்டில் (தாமதத்தோடு வளரும் உயிர்த்தொகைக்கான மாதிரி; எ: எண்ணிக்கை, வ: வளர்ச்சி வீதம், கொ: சூழல் தாங்கும் கொள்ளளவு) போட நினைக்கிறேன்: எ′(ந) = வ·எ(ந)·(1 − எ(ந − த)/கொ). அங்கே அலைவு என்பது கொ-ஐச் சுற்றியா?

மூலவர்

ஆமாம், சுழியைச் சுற்றி அல்ல. எ எப்போதும் நேர்மம். எ − கொ-இன் குறியைப் பாருங்கள். நிபந்தனை அதேதான்: வ·த > 1/இ என்றால் எல்லா நேர்மத் தீர்வுகளும் கொ-ஐச் சுற்றி அலைவுறும்.

ஓட்டும்போது ய = மடக்கை(எ/கொ) என்று மாற்றிவிடுங்கள். சமன்பாடு ய′(ந) = −வ·(இ^(ய(ந − த)) − 1) ஆகும். எ-ஐயே ஓட்டினால் எ − கொ என்ற கழித்தலில் இலக்கங்கள் கரைந்துவிடும்; வ·த = 0.38-இல் இரண்டாவது வெட்டைத் தாண்டி மிஞ்சுவது கொ-இன் ஆயிரம் கோடியில் ஒரு பங்குக்கும் கீழே. அடைப்புக்குள் இருக்கும் ‘இ-அடுக்கு கழித்தல் 1’-க்கு மேட்லாபில் எக்ஸ்பிஎம்1 என்று தனிச் செயற்கூறு இருக்கிறது, அதையே பயன்படுத்துங்கள்.

அலைவையும் நிலைத்தன்மையையும் குழப்பிக்கொள்ள வேண்டாம். வ·த 0.3679-க்கும் பை/2 = 1.5708-க்கும் நடுவே இருந்தால் அலைந்து அலைந்து கொ-இல் அடங்கும். அதற்கு மேலே போனால்தான் அடங்காத சுழற்சி வரும். அது பிறக்கும் இடத்தில் அதன் காலம் 4·த. எல்லா நேர்மத் தீர்வுகளும் கொ-இல் அடங்கும் என்பதை ரைட் 1955-இல் 3/2 வரை நிறுவினார். 1.5-க்கும் 1.5708-க்கும் நடுவே இருந்த அந்தச் சின்னத் துண்டைக் கணினி உதவியோடு வான் டென் பெர்க், ஜக்கெட் 2018-இல் முழுதும் அடைத்து முடித்தார்கள். உங்கள் படத்தில் அடங்காத சுழற்சி வேண்டுமென்றால் வ·த = 1.8 மாதிரி எடுங்கள், 1.58 வைத்தால் வீச்சு நிலைபெற வெகுநேரம் ஓட்ட வேண்டியிருக்கும்.